எதிர்ப்பக்க முக்காலி

மைசூர் மைன்ஸ்,
2 மார்ச் 2025

அன்புள்ள தங்கை மரியகுழந்தைக்கு,

அண்ணன் மாணிக்கராஜ் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும், மகன் ரவிகுமாரும், மருமகள் மம்தாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். ஹட்டியில் வெயில் ஏறியிருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஃபோனில் பேசுவதில்லை என்று கோபப்படாதே. முப்பது வருஷம் பாறையில் துளை போட்ட மெஷின் என் காதையும் துளைத்துவிட்டது. நீ "அண்ணா" என்றால் எனக்கு எண்ணெய் கொதிக்கிற சத்தம்தான் கேட்கிறது. கடிதம் போதும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 28 அன்று, நம் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடி இருபத்து நாலு வருஷம் முடிந்த தினத்தில், ஆட்கள் கீழே இறங்கும் பழைய ஷாஃப்ட்டின் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டோம். தினமும் பத்துப் பேர், காலை பத்து முதல் நாலு வரை. ஒரே கோரிக்கை: சுரங்கத்தை மறுபடி திற. குழுவுக்கு நான் செயலாளர். போலீஸ் அனுமதியும் என் பேரில்தான். இதுவரை அறுபத்தோரு மனு எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துப் படித்தவன் எழுதியது என்று அலட்சியமாக இருக்கலாம். ஆனால் மூன்று மொழியில் எழுதினேன், மூன்றிலும் பிழை இல்லை.

நம் லைனில் முப்பத்தெட்டு வீடு. இருபத்தாறு வீட்டு ஆண்கள் விடியுமுன் ரயில் ஏறி, பங்காருபேட்டை தாண்டி பெங்களூர் போகிறார்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவர்களைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். காலடியில் தங்கம் கிடக்கிறது, நம் ஆட்கள் எவனுடைய கட்டடத்துக்கோ காவல் நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் நான் சாக மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
மாணிக்கராஜ்

*

ஹட்டி,
12 மார்ச் 2025

பாசமுள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

மரியகுழந்தையின் வணக்கம். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லும்.

பந்தல் செய்தி படித்துச் சந்தோஷப்பட்டேன். நீங்கள் எதிலாவது கோபமாக இருந்தால்தான் நலமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கோபத்தில் பிரஷர் மாத்திரையை மறந்துவிடுவீர்கள். அண்ணியிடம் டப்பாவைக் கொடுத்து வையுங்கள்.

ரவி இந்த வாரம் பகல் ஷிஃப்ட். இங்கே தங்கச் சுரங்கம் இன்னும் ஓடுகிறது, சோறு போடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஷிஃப்ட் முடிந்து அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்வரை அடுப்பில் எதையும் வைப்பதில்லை. வைத்தால் தீய்ந்துவிடுகிறது.

அண்ணியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

உங்கள்
குழந்தை

*

மைசூர் மைன்ஸ்,
27 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது. மாத்திரை சாப்பிடுகிறேன்.

பந்தல் நன்றாக நடக்கிறது. ஊரே நம் பக்கம். டீக்கடை சாரா இரண்டு வேளை டீ அனுப்புகிறாள். கவுன்சிலர் வந்தார், சாமியார் வந்து ஜெபம் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போகும் நேரத்தில் ஒரு தொல்லை.

பத்து நாளாக ஒரு பெண்மணி தினமும் வந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் ஒரு முக்காலி போட்டு உட்காருகிறாள். கையில் ஒரு பலகை. சுரங்கத்தைத் திறக்கக் கூடாதாம். இந்த ஊரில், இந்த ரோட்டில், அந்தக் கேட்டுக்கு முன்னால். கத்துவதில்லை, கோஷம் போடுவதில்லை. பத்து மணிக்கு வருகிறாள், நாலு மணிக்கு எழுந்து போகிறாள். எங்கள் நேரத்தையே பிடித்திருக்கிறாள்.

குழுவில் ரூபேஷ் என்று ஒருவன், மினி லாரி வைத்திருக்கிறான். "இன்னா பெரியவரே, எதிர்க்கட்சி ஆரம்பிச்சிட்டாங்க, நீங்க சும்மா இருக்கறீங்க" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையில் எழுத்து வேறு கோணல். சரிந்து சரிந்து போகிறது. தப்பான கருத்தை நேராகவாவது எழுதக் கூடாதா?

அவள் யார் என்பது முக்கியமில்லை. வயதானவள், அவ்வளவுதான்.

ரவிகுமாரை ஹெல்மெட் வாரைச் சரியாகக் கட்டச் சொல்.

அண்ணன்

*

ஹட்டி,
26 ஏப்ரல் 2025

அன்பு அண்ணனுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தில் அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த கடிதத்தில் இருக்கும் என்று காத்திருந்தேன். அடுத்த கடிதமே வரவில்லை.

ரவியோடு வேலை செய்யும் பாபு ஈஸ்டருக்குக் கோலார் தங்கவயல் வந்திருந்தான். திரும்பி வந்து ஃபோனில் ஒரு வீடியோ காட்டினான். "அத்தை, இது உங்க ஊரு தானே? இந்த அம்மா செம தைரியம்" என்றான். பார்த்தேன். புங்கமரம், முக்காலி, நீல நூல் புடவை, மடியில் குடை.

அண்ணா, எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இல்லாத வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து, என் தலையில் பேன் பார்த்து, சடை பின்னி, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெண்மணி அது. "வயதானவள், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

குழந்தை

*

மைசூர் மைன்ஸ்,
4 மே 2025

தங்கை மரியகுழந்தைக்கு,

நலம். நலத்தை அறிய ஆவல்.

ஆமாம், உன் அண்ணி பியாட்ரிஸ்தான். ஊரே வீடியோ எடுத்துப் பார்க்கிறது, நான் மறைத்து என்ன பயன்.

மார்ச் பதினேழாம் தேதி, நான் பந்தலுக்குக் கிளம்பும்போது அவளும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"நீங்க போற எடத்துக்குத்தான்."

"பந்தல்ல பொம்பளைங்களுக்கு வியாழக்கிழமை."

"பந்தலுக்கு யாரு வந்தாங்க? நான் எதிர்ப்பக்கம்."

விளையாட்டு என்று நினைத்தேன். ஐம்பத்தோரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், என் எந்த மனுவுக்கும் அவள் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். அவள் சொன்னாள்: "அது ரோட்டுப் பேச்சு. ரோட்ல பேசிக்கலாம். வூட்ல கொழம்புக்கு உப்பு சரியா இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

இன்னும் கேள். தினமும் பன்னிரண்டரை மணிக்கு முக்காலியை விட்டு எழுந்து, ரோட்டைத் தாண்டி வந்து, என் சாப்பாட்டுக் கேரியரைப் பந்தலில் வைத்துவிட்டு, மறுபடி போய் எனக்கு எதிராக உட்காருகிறாள். "எதிர்க்கட்சி சாப்பாடு வந்திடுச்சி" என்று ரூபேஷ் அறிவிக்கிறான். முதல் நாள் தொடக் கூடாது என்று இருந்தேன். கத்திரிக்காய்க் காரக்குழம்பு. தொட்டேன்.

கருத்து வேறாக இருக்கலாம், அது அவள் பாடு. என்னைச் சுடுவது பலகையின் முதல் வரி. "என் வீட்டுக்காரர் மேலே வந்தார். என் தம்பி வரவில்லை. மறுபடியும் திறக்க வேண்டாம்." அவள் தம்பி அருளப்பன் செத்துப்போன அன்று, சுரங்கத்துக்குள் அதே லெவலில், நூறு அடி தள்ளி நான் வேலையில் இருந்தேன். நான் உயிரோடு மேலே வந்தது குற்றமா? ஊர் படிக்கும்படி எழுதி மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமா?

அவளிடம் இதைக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

அண்ணன்

*

ஹட்டி,
14 மே 2025

என் அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இங்கே ஒரு கோடை மழை பெய்தது, கொஞ்சம் மூச்சு விட்டோம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அருளப்பன் போன அன்று எனக்குப் பதினேழு வயது. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் அப்போது கீழே இருந்தீர்கள். பாறை வெடித்துச் சரிந்துவிட்டது என்று தெரிந்ததும் நானும் அண்ணியும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினோம். ஆட்களை ஏற்றி வரும் கேஜ் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அண்ணி என் கையைப் பிடித்து நெரித்தார். மூன்றாவது தடவை நீங்கள் வந்தீர்கள். அண்ணி உங்கள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அப்புறம் உங்கள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கேஜ் காலியாக இருந்தது.

அந்த இரண்டும் ஒரே நொடியில் நடந்தது அண்ணா. இந்த நாற்பத்தாறு வருஷத்தில் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. உங்களிடமும் பேசியிருக்க மாட்டார்.

என்னை எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். என் மகன் தினமும் இறங்குகிறான், அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறேன். அண்ணி பக்கத்தில் உட்கார எனக்கு வாயில்லை. உங்கள் பந்தலில் உட்கார மனமில்லை. ஆனால் அந்த முக்காலியை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை

*

மைசூர் மைன்ஸ்,
30 மே 2025

அன்புத் தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை. பிரஷர் கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

நீ எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை.

இங்கே நிலைமை மோசம். போன வாரம் பெங்களூரிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். பந்தலில் பத்துப் பேர், மூன்று மாத உழைப்பு. அவர்கள் எடுத்தது முக்காலியை. இரவுச் செய்தியில் அவள் முகம், அவள் பலகை, பின்னால் தூரத்தில் நாங்கள் எறும்பு மாதிரி. ரூபேஷும் மற்றவர்களும் கொதித்துப்போனார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவளை அங்கிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சொன்னாராம்: "ஒரு வயசான அஜ்ஜி ஸ்டூல்ல உக்காந்ததுக்கு நான் இன்னா கேஸ் போடறது? அனுமதி வாங்கினவர் இடைஞ்சல்னு எழுதிக் குடுத்தா, எடுத்துடறேன்."

அனுமதி வாங்கியவன் நான். புகாரை நான் எழுத வேண்டுமாம். ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிலேயே கூட்டம். அன்று எழுதித் தராவிட்டால் வேறு செயலாளர். இந்தக் குழுவை நான் உண்டாக்கினேன் தங்கச்சி. வேறு யாரும் வாயைத் திறக்காத காலத்தில், தபால் ஆபீஸ் வாசலில் ஒற்றை ஆளாக நின்று கையெழுத்து வாங்கினேன். அப்போது என்னைப் பைத்தியம் என்றார்கள்.

அவள் சொல்வது தவறு. நம் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே.

அண்ணன்

*

ஹட்டி,
4 ஜூன் 2025

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, இதை இன்றைய தபாலில் சேர்க்க ரவி வாசலில் நிற்கிறான்.

நீங்கள் எழுதிக் கொடுத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கே ரயில் ஏறி வருகிறேன். எனக்கு அந்தப் பக்கம் உட்கார வாயில்லை என்று எழுதினேன் அல்லவா, வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கச் சொல்லி எழுதுங்கள்.

குழந்தை

*

மைசூர் மைன்ஸ்,
13 ஜூன் 2025

என் செல்லக் குழந்தைக்கு,

அண்ணி பியாட்ரிஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள். உன் கடிதத்தைப் பார்த்தேன், நீ ரயில் ஏற வேண்டாம். கால் வலியை வைத்துக்கொண்டு எங்கே வருவாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குழுவினர் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ரகசியக் கூட்டமாம். என்னை அடுத்த வீட்டு லதாவிடம் போய் இருக்கச் சொன்னார்கள். டீ போட்டு வைத்துவிட்டுப் போனேன். உன் அண்ணன் காதுக்கு ரகசியம் ஏது? அவர் பேசினால் லைன் முழுக்கக் கேட்கும், அவரிடம் பேசுகிறவர்களும் கத்தித்தான் பேச வேண்டும். லதா வீட்டுச் சமையலறையில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

ரூபேஷ் காகிதத்தை நீட்டியிருப்பான் போல. இவர் கேட்டார்: "கேஜ் ஓடும்போது ஒரு மணி அடிச்சா இன்னா அர்த்தம்? உங்க அப்பன் மணி அடிக்கிற வேலை பாத்தவன், நீ சொல்லு."

அவன் ஏதோ முனகினான்.

"சத்தமா சொல்லு."

"நிறுத்துன்னு அர்த்தம்."

"யாரு அடிச்சா நிறுத்துவாங்க? மேனேஜர் அடிச்சாவா?"

"யாரு அடிச்சாலும் தான். அதுக்கும் இதுக்கும் இன்னா பெரியவரே?"

"எண்பத்தி மூணுல நான் அடிச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சி நாப்பது பேரு மேல வராங்க. கயிறு சத்தம் எனக்கு வேற மாதிரி கேட்டுச்சி. ஒண்ணு அடிச்சேன். முக்கா மணி நேரம் இருட்ல தொங்கினோம். நாப்பது பேரும் எங்க அம்மாவைத் திட்டினானுங்க. கயித்தைப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. நான் அடிச்சது தப்பு. மறுநாள் இன்னா பண்ணாங்க? மாணிக்கராஜ் மணியைத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"பியாட்ரிஸ் சொல்றது தப்பு. முழுத் தப்பு. அவ வாயாலயே ஒருநாள் ஒத்துக்க வெப்பேன். ஆனா அவளை எடுக்கச் சொல்லி என் கை எழுதாது."

"அப்போ செக்ரட்டரி பதவி?"

"சீல் பீரோ மேல இருக்குது. எடுத்துக்கினு போ. டீயைக் குடிச்சிட்டுப் போ."

லதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, உங்களை முழுத் தப்புங்கறார்" என்றாள். "தினமும் சொல்றதுதான், இன்னிக்கித்தான் நல்லா சொல்றார்" என்றேன். அப்புறம் அவள் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கொடுத்தேன். எனக்கு அப்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை போனால், சாரா கடைக்குப் பின்னால் வைத்திருந்த என் பலகை மேல் யாரோ கறுப்பு ஆயிலை ஊற்றியிருந்தார்கள். ஒரு எழுத்து மிச்சமில்லை. வெறும் மடியோடு நாலு மணிவரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசல் சுவரில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. புதுப் பலகை, நீலப் பெயிண்ட், ஈரம் காயவில்லை. நூல் பிடித்துக் கோடு போட்டு எழுதிய எழுத்து, தூண் மாதிரி நேராக நிற்கிறது. இந்த ஊரில் அப்படி எழுதுகிறவர் ஒருத்தர்தான். அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் வரியை விட்டிருப்பார் என்று நினைத்தேன் குழந்தை. அந்த வரி அவரைச் சுடுகிறது என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். நான் அதை நன்றியாகத்தான் எழுதினேன். அவர் வேறு மாதிரி படித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் வாயால் சொல்லியிருந்தால் சரியாகப் படித்திருப்பார். ஆனால் விடவில்லை. மூன்று வரியும் அப்படியே இருக்கிறது.

அன்று இரண்டு முட்டை அதிகமாகப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

ரவிகுமாருக்கு என் முத்தம். அவன் வீடு வந்து சேரும் நேரம் எனக்குத் தெரியும், தினமும் அந்த நேரத்துக்கு ஒரு ஜெபம் சொல்கிறேன்.

அண்ணி
பியாட்ரிஸ்

*

மைசூர் மைன்ஸ்,
25 ஜூன் 2025

அன்புத் தங்கை மரியகுழந்தைக்கு,

அண்ணன் எழுதுவது. இருவரும் நலம். ஹட்டியில் மழை எப்படி? ரவிகுமாரை விசாரித்ததாகச் சொல்.

நான் இப்போது செயலாளர் இல்லை. ரூபேஷ் ஆட்கள் பந்தலைப் பிரித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கூட்டம் வரும் என்கிறார்கள், வரட்டும். கோரிக்கை ஒன்றுதான், நல்லது நடந்தால் சரி. அவர்கள் மனுவில் மூன்று பிழை பார்த்தேன், சொல்லவில்லை.

நான் பழைய இடத்திலேயே உட்காருகிறேன். தனி ஆளுக்கும் அனுமதி வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர், இரண்டு கருத்து, ஒரே இடம், காலை பத்து முதல் நாலு வரை என்று மூன்று மொழியில் எழுதினேன். சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "வீட்லயே சண்டை போட்டுக்கக் கூடாதா?" என்றார். வீட்டில் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பந்தல் போன பிறகு என் பக்கம் நிழல் இல்லை. நிழல் முழுக்க புங்கமரத்தடியில்தான். அதனால் என் நாற்காலியை அங்கே போட்டிருக்கிறேன். நிழலுக்காக மட்டும். என் கருத்தில் ஒரு அங்குலம்கூட மாற்றமில்லை. சுரங்கம் திறக்கப்பட வேண்டும். என் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை பெங்களூரிலிருந்து காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் ஷாஃப்ட்டைப் பார்க்க வந்தார்கள். உன் அண்ணியின் பலகையைப் படித்துவிட்டு ஒருத்தி அவளிடம் குனிந்து ஏதோ கேட்டாள். இவள் ஏதோ சொன்னாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னவென்று கேட்டேன். உன் அண்ணி என் காதருகே வந்து, ரோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"மேல வந்த வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்காருன்னு கேக்கறாங்க. இதோ இவருதான், நல்லவேளை வந்தாரு, வந்து இத்தனை வருஷமா திற திறங்கறாருன்னு சொன்னேன்."

நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்படி என் பலகையை இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

"நல்லவேளை" என்ற சொல்லை அவள் இரண்டு முறை சொன்னாளா, எனக்கு இரண்டு முறை கேட்டதா என்று தெரியவில்லை. என் காதை நம்ப முடியாது. நீ அவளுக்கு எழுதும்போது கேட்டுச் சொல்.

உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போடு.

அன்பு அண்ணன்,
மாணிக்கராஜ்